எரிசக்திக் கணிப்புக்கு எந்த முறை? பருவநிலை இலக்கோடு பொருத்திப் பார்க்கும் ஓர் ஒப்பீடு

பினாங்கில் பொறியியலோ பொருளியலோ படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது இப்போது அடிக்கடி கண்ணில் படுவது இது: 2035 அல்லது 2050 வரை மலேசியாவின் எரிசக்தித் தேவை எவ்வளவு, அது பருவநிலை இலக்குகளுக்குள் அடங்குமா? தலைப்பு உறுதியானதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அண்ணே, எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" மாணவர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் எரிசக்தி மேலாளர் பொறுப்பை ஏற்றவர்கள், பயனீட்டாளர் குழுக்களிலிருந்து அரசின் கருத்துக்கேட்புக்கு மனு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

சாஃப்ட்வேரைப் பிறகு பார்ப்போம். முறைதான் முதலில். புழக்கத்தில் நான்கு வழிகள் உண்டு. பழைய ஆண்டுகளின் போக்கைப் பிடித்து அப்படியே முன்னால் நீட்டுவது ஒன்று. வீடு, கடை, ஆலை, வண்டி என ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுவது இன்னொன்று. எந்த மின்நிலையங்களைக் கட்டினால் செலவு மிகக் குறையும் என்று கணினியைத் தேட விடுவது மூன்றாவது. 2050இல் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, அங்கிருந்து இன்றைய தேதிக்குப் பின்னோக்கி நடந்து வருவது நான்காவது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மலேசியாவைப் பொறுத்தவரை எண்ணிக் கூட்டும் முறையை முதுகெலும்பாக வைத்து, பின்னோக்கிக் கணிக்கும் முறையால் அதைச் சோதிப்பதுதான் சரி. போக்கை நீட்டும் முறை ஐந்து வருடம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. செலவைக் குறைக்கும் கணிப்பு பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. காரணம் புரிய, இலக்கை எதில் அளக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலக்கில் ஒளிந்திருக்கும் ஊகம்

2021இல் மலேசியா ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் புதுப்பித்துக் கொடுத்த வாக்குறுதி: 2030க்குள் கரிமச் செறிவை 2005ஆம் ஆண்டின் அளவைவிட 45 விழுக்காடு குறைப்போம். ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது என்பதே கரிமச் செறிவு. மேலே வெளியேற்றம், கீழே மொத்த உள்நாட்டு உற்பத்தி. கீழே இருப்பது பெருத்தாலே விகிதம் இறங்கிவிடும்.

கையில் கால்குலேட்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள். 2005இலிருந்து 2030 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 4.5 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டில் அது மூன்று மடங்காகும். அப்போது செறிவு 45 விழுக்காடு இறங்கினாலும் மொத்த வெளியேற்றம் 2005ஐப்போல 1.65 மடங்கு வரை ஏறலாம், இலக்கு நிறைவேறியதாகவே கணக்கு. வளர்ச்சி 3.5 விழுக்காடுதான் என்றால் பொருளாதாரம் 2.36 மடங்கு, அனுமதிக்கப்படும் வெளியேற்றம் 1.3 மடங்கு. வளர்ச்சி ஊகத்தில் ஒரே ஒரு விழுக்காடு மாறியதற்கு இவ்வளவு பெரிய இடைவெளி. எரிசக்தியைப் பற்றி நாம் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை!

ஆகவே எந்த முறையை எடுத்தாலும், வளர்ச்சி விகிதத்தை அது எங்கே வைத்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மாணவர்களின் வரைவுகளில் பெரும்பாலும் '5%' என்று ஓர் எண் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும். ஏன் 5 என்று கேட்டால் பதில் வராது.

இலக்கு 2025இல் புது வடிவம் எடுத்தது. 2035க்கான புதிய வாக்குறுதியில் மலேசியா முதல்முறையாக விகிதத்தை விட்டு மொத்த அளவுக்கு வந்திருக்கிறது: வெளியேற்றம் தொடப்போகும் உச்சத்திலிருந்து 15 முதல் 30 மில்லியன் டன் குறைப்போம் என்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் உச்சம் என்பதே வருங்காலத்தில் இருக்கும் ஒன்று. அது எவ்வளவு உயரம் என்பதைக் கணிப்புதான் சொல்ல வேண்டும். உச்சத்தை உயர்த்திக் கணித்தவருக்கு அங்கிருந்து இறங்குவது சுலபமாகத் தெரியும், ஆனால் இறங்கி நிற்கும் இடம் உயரமாகவே இருக்கும்.

மூன்றாவது இலக்கு, கூடிய விரைவில், அதாவது 2050 வாக்கிலேயே, நிகர வெளியேற்றத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. 'நிகர' என்ற சொல்லுக்குள் காடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு பக்கமும் தவறிய அனுபவம்

எந்த முறையும் தவறும். எந்தத் தவறை நம்மால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலேசியாவுக்கு இரண்டு விதத் தவறும் பழக்கம்.

1992 செப்டம்பரிலும் 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதியும் தீபகற்ப மலேசியா முழுக்க மின்சாரம் போய் இருண்டது. அன்றைக்கு விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. இரண்டுக்கும் உடனடிக் காரணம் கம்பித்தொடரிலும் நிலையத்திலும் ஏற்பட்ட பழுது. ஆனாலும் கையிருப்பு போதவில்லை என்ற பயம் பிடித்துக்கொண்டது. முதல் இருட்டுக்கு அடுத்த ஆண்டான 1993 முதலே தனியார் மின் உற்பத்தியாளர்களுக்கு உரிமங்கள் கொடுக்கப்பட்டன. பொருளாதாரம் ஆண்டுக்கு 9 விழுக்காடு ஓடிய காலம் அது. மின்தேவை அதைவிட வேகமாக ஓடியது. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினார்கள்.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. கட்டத் தொடங்கிய நிலையங்கள் மட்டும் நிற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் மின்உற்பத்தித் திறன் உச்சத்தேவையைவிட 40 விழுக்காடு அளவுக்கு அதிகமாக இருந்தது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் அவை. சரவாக்கின் பாக்குன் அணையும் இதே கதைதான். கடலடிக் கம்பி வழியாகத் தீபகற்பத்துக்கு மின்சாரம் அனுப்ப என்று தொடங்கிய 2,400 மெகாவாட் திட்டம் நெருக்கடியில் முடங்கி, 2011இல்தான் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. கடலடிக் கம்பி வரவே இல்லை. அந்த மின்சாரத்துக்குச் சரவாக்கிலேயே அலுமினிய உருக்காலைகள் போன்ற வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று.

கல்யாணப் பந்திக்கு இலை எண்ணுவது மாதிரி இது. குறைந்துபோனால் மானம் போகும், மிஞ்சினால் பணம் போகும். ஆகவே நூறு இலை கூடவே சொல்லி வைப்போம். மின்துறையும் காலங்காலமாக அப்படித்தான் கூட்டியே சொல்லி வந்திருக்கிறது. அன்றைக்கு அது நியாயமும்கூட. இன்றைக்கு நிலைமை வேறு. தேவைக்கு மிஞ்சிக் கட்டிய நிலக்கரி நிலையம் பணத்தை மட்டும் விழுங்குவதில்லை, ஒப்பந்தம் முடியும் வரை 25 ஆண்டு புகையையும் சேர்த்து உறுதிசெய்துவிடுகிறது. கூட்டிச் சொன்னால் பாதுகாப்பு என்ற பழைய வழக்கம் பருவநிலை இலக்குக்கு முன் செல்லுபடியாகாது. என் தேர்வுக்கு இதுதான் அடிப்படை.

போக்கை நீட்டுவது

இந்த முறைக்கு வேண்டியதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எரிசக்தி ஆணையம் வெளியிடும் தேசிய எரிசக்திச் சமநிலை அறிக்கைகளில் பல பத்தாண்டுகளின் எண்கள் இருக்கின்றன. மக்கள்தொகையும் உற்பத்தியும் புள்ளிவிவரத் துறையிடம் உண்டு. எக்செல்லில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கோடு வந்துவிடும். அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இந்தக் கோடு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். 2020 மாதிரி ஊரடங்கு ஆண்டுகளைத் தனியாக அடையாளமிட்டு வைத்தால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், பொருளாதாரம் ஒரு விழுக்காடு வளர்ந்தால் எரிசக்தி எத்தனை விழுக்காடு வளரும் என்ற ஒற்றை எண்ணில்தான் முழுக் கணிப்பும் தொங்குகிறது. அந்த எண்ணை 1 என்று எடுத்தால் பொருளாதாரம் மூன்று மடங்காகும்போது எரிசக்தியும் மூன்று மடங்கு. எரிபொருள் கலவை மாறாதவரை செறிவு இம்மியும் இறங்காது, இலக்கு தோற்றுவிட்டது என்று முடிவுரை எழுதலாம். 0.6 என்று எடுத்தால் எரிசக்தி 1.93 மடங்குதான். செறிவு 36 விழுக்காடு இறங்கும், இலக்கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டோம் என்று எழுதலாம். அறுபது பக்க ஆய்வின் முடிவு ஒரு தசம எண்ணிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண்ணும் மாறும்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் விலக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது. எண்ணெய் நிலையங்களில் விற்பனை சட்டென்று விழுந்தது. விழுந்ததில் பெரும் பங்கு லாரிக்காரர்கள் சிக்கனமானதால் வந்ததில்லை, கடத்தல் அடைபட்டதால் வந்தது என்று அரசாங்கமே சொன்னது. அதாவது நாட்டின் 'டீசல் தேவை' என்று அதுவரை பதிவான எண்ணில் எல்லை தாண்டிப்போனதும் கலந்திருந்தது. பழைய கோட்டை நீட்டுகிறவர் அந்தக் கடத்தலையும் சேர்த்து 2050க்குக் கொண்டுபோவார்!

எண்ணிக் கூட்டுவது

ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய அடுக்குமாடிகளின் பின்புறத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால், சன்னல்களுக்குக் கீழே தொங்கும் ஏர்கோன் கம்ப்ரசர் பெட்டிகளை மாடி வாரியாக எண்ணலாம். கட்டிய காலத்தில் ஏர்கோனை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத வீடுகள் அவை. இன்றைக்கு இரண்டு பெட்டி தொங்கும் வீடும் உண்டு, காற்றாடி மட்டும் சுற்றும் வீடும் உண்டு. எண்ணிக் கூட்டும் முறை இங்கேதான் தொடங்குகிறது: எத்தனை வீடு, அதில் எத்தனை விழுக்காட்டில் ஏர்கோன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு இழுக்கும்.

ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓடும்போது ஏறத்தாழ 0.8 கிலோவாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடுகிறது, அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் அதில் 60 விழுக்காட்டு நேரம்தான் முழுசாக இழுக்கிறது என்று வைத்தால், ஆண்டுக்கு 1,400 யூனிட் (கிலோவாட்-மணி). நாட்டில் புதிதாக ஒரு மில்லியன் ஏர்கோன் வந்தால் 1,400 மில்லியன் யூனிட். தீபகற்ப மின்சாரம் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு விடுகிறது. ஆக, ஏறக்குறைய 1.1 மில்லியன் டன். அதே ஏர்கோன்கள் எல்லாம் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ரகமாக இருந்து 30 விழுக்காடு மிச்சப்படுத்தினால் அதே 30 விழுக்காடு புகையும் போய்விடும். 2013 முதல் நடப்பில் இருக்கும் குறைந்தபட்ச மின்சிக்கன விதியை இன்னும் ஒரு படி இறுக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த முறையில் ஒரு கட்டத்தை மாற்றினாலே பதில் வந்துவிடும். போக்கை நீட்டும் கோட்டில் அந்தக் கேள்வியை வைக்கவே இடமில்லை.

கஷ்டம், தகவல் சேகரிப்பது. "எத்தனை மணி நேரம்மா ஏர்கோன் போடுவீங்க?" என்று கேட்டால், "ராத்திரி மட்டும்தான் தம்பி, பிள்ளைங்க தூங்குறப்ப" என்பார்கள். மேசையில் இருக்கும் மின்கட்டண பில் வேறு கதை சொல்லும். பள்ளி விடுமுறை மாதத்தில் பில் குதித்திருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. வீட்டில் ஓடுவதை யாரும் மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் வாய்வார்த்தையை வைத்துக் கட்டும் கணக்கைத் தெனாகா நேஷனலின் விற்பனை எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும். இதைச் செய்யாத ஆய்வை நான் நம்புவதில்லை.

சரி, வீடு வீடாக எண்ணுகிறோம். அந்த நேரத்தில் ஜோகூரில் ஒரு தரவு மையம் கையெழுத்தாகிறது. 100 மெகாவாட் மையம் ஒன்று ஆண்டு முழுக்க 80 விழுக்காடு சுமையில் ஓடினால் 700 மில்லியன் யூனிட். நாம் எண்ணிய ஏர்கோன்களில் அரை மில்லியனுக்குச் சமம், ஒரே வளாகத்தில்! 2035க்குள் நாட்டில் தரவு மையங்களின் தேவை 5,000 மெகாவாட்டைத் தாண்டும் என்ற எண் துறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே எடுப்பதா? ஒப்பந்தத்தில் எழுதும் உச்சத்தேவை ஒன்று, மையம் உண்மையில் இழுப்பது இன்னொன்று. முதல் சில ஆண்டுகளில் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். சர்வர்கள் கட்டம் கட்டமாகத்தான் வந்து சேரும். 5,000 மெகாவாட்டில் 80 விழுக்காடு இழுத்தால் ஆண்டுக்கு 35,000 மில்லியன் யூனிட், 40 விழுக்காடு இழுத்தால் 17,500 மில்லியன். இந்த வித்தியாசம் மட்டுமே 12.5 மில்லியன் ஏர்கோன். நாட்டில் அத்தனை வீடுகளே கிடையாது.

எண்ணிக் கூட்டும் முறையின் பெருமை இங்கேதான். 40ஆ 80ஆ என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரியாதது எது, அது எவ்வளவு பெரியது என்று ஒரு வரியில் கண்ணுக்குத் தெரிகிறது. போக்கை நீட்டும் முறையில் அது வளைவின் சரிவுக்குள் கரைந்து காணாமல் போய்விடும்.

பினாங்குக்காரர்கள் ஆலைகளை மறந்துவிடக் கூடாது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழிற்பேட்டையில் சில்லு ஆலைகளின் தூய்மை அறைகள் இரவு பகல் பாராமல் குளிரூட்டப்பட்டு ஓடுகின்றன. ஆர்டர் பாதியாகக் குறைந்தாலும் மின்சாரம் பாதியாகாது, ஏனென்றால் அறையின் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்திருக்கும் எரிசக்திச் சிக்கன, பாதுகாப்புச் சட்டம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் பயன்படுத்தும் ஆலைகளையும் வணிக இடங்களையும் எரிசக்தி மேலாளர் நியமிக்கவும், தணிக்கை செய்யவும், அறிக்கை கொடுக்கவும் வைக்கிறது. இந்த அறிக்கைகள் சேரச் சேர எண்ணிக் கூட்டுகிறவர்களுக்கு இதுவரை கிடைக்காத தகவல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலே போட்ட ஏர்கோன் கணக்கு ஆண்டு மொத்தம். ஒரு மில்லியன் ஏர்கோன் ஒரே நேரத்தில் ஓடினால் 800 மெகாவாட், நிலக்கரி நிலையத்தின் பெரிய மின்உற்பத்தி எந்திரம் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அது பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் கூரைச் சூரியத்தகடுகள் கைகொடுக்கும். இரவு பத்து மணிக்கு வந்தால் எரிவாயுவோ பேட்டரியோதான் கைகொடுக்க வேண்டும். 2024இல் வெயில் கொளுத்திய மாதங்களில் தீபகற்பத்தின் உச்சத்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு வாரநாள் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை விலை கூடுதல். மக்கள் இதற்கு எப்படி அசைவார்கள் என்பதையும் மணிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் கணக்கால்தான் பிடிக்க முடியும்.

சாஃப்ட்வேர் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் கழகத்தின் லீப் (LEAP). மாணவர்களுக்கு இலவச உரிமம் கிடைக்கும். பட்டியலை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவருக்கு எக்செல்லே போதும். லீப்பில் போட்ட குப்பை ஊகம் வண்ணப் படமாக வெளியே வரும், அதுதான் வித்தியாசம்.

செலவைக் குறைக்கும் கணிப்பு

டைம்ஸ், ஓசிமோசிஸ் போன்ற கணினி மாதிரிகள் இந்த வகை. தேவையை நாம் கொடுத்துவிட வேண்டும். எந்த நிலையத்தை எந்த ஆண்டு கட்டினால் மொத்தச் செலவு குறையும் என்று அது தேடித் தரும். நிலையங்களைத் திட்டமிடுகிறவர்களுக்கு இது அவசியம். மற்றவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மலேசியாவில் எரிவாயு விலையையும் மின்கட்டணத்தையும் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, அரசு நிர்ணயிக்கும் பங்கு பெரிது. ஆகவே மலிவு எது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கொள்கையிலேயே இருக்கிறது. இரண்டாவது, விலை ஊகத்தில் சில காசு மாறினால் கணினி மொத்தமாக ஒரு தொழில்நுட்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமையே பல ஆண்டுகள் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வரைந்த கோடுகளை உண்மை ஒவ்வொரு முறையும் தாண்டிக்கொண்டு போனது. தேவைப் பக்கத்தைச் சரியாகக் கட்டாமல் இதில் நேரம் செலவழிப்பது வீண்.

முடிவிலிருந்து பின்னோக்கி

2023 ஜூலை, ஆகஸ்டில் இரண்டு பாகமாக வெளியான தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மை எரிசக்தி, அதாவது மின்சாரமாகவும் பெட்ரோலாகவும் மாற்றுவதற்கு முன்னிருக்கும் மூல எரிசக்தி, 2023இல் 95 மில்லியன் டன் எண்ணெய்க்குச் சமம் என்ற அளவிலிருந்து 2050இல் 102 மில்லியனுக்குத்தான் போகும் என்கிறது. ஆண்டுக்குக் கால் விழுக்காடு அளவுதான் வளர்ச்சி. 2050இல் மின்நிறுவு திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது. எரிசக்தித் துறையின் வெளியேற்றம் 2019ஐவிட 32 விழுக்காடு குறையும்.

இதைப் பின்னோக்கி விரிப்போம். அதே 27 ஆண்டில் பொருளாதாரம் ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால் 2.9 மடங்காகும். எரிசக்தியோ 1.07 மடங்கு. அதாவது ஒரு ரிங்கிட் உற்பத்திக்கான எரிசக்தி ஆண்டுதோறும் 3.6 விழுக்காடு இறங்கிக்கொண்டே வர வேண்டும், ஒரு வருடமும் தவறாமல். கடந்த இருபது ஆண்டுச் சமநிலை அறிக்கைகளை எடுத்து, இந்த வேகத்தில் எத்தனை ஆண்டு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் திட்டம் எவ்வளவு நீளமாகக் கால்வைக்கிறது என்று புரியும். திட்டத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. இறங்குவதில் ஒரு பங்கு கணக்கு முறையாலேயே வரும்: நிலக்கரி நிலையத்தில் நூறு பங்கு எரித்தால் நாற்பதுக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகும், மீதி வெப்பமாகப் போகும். அதைச் சூரிய மின்சாரம் மாற்றினால் விளக்கு அதே அளவு எரிந்தாலும் முதன்மை எரிசக்தி குறைந்ததாகக் காட்டும். மிச்சமுள்ள பங்கு உண்மையான சிக்கனத்தில்தான் வர வேண்டும்.

70 விழுக்காடு என்பதையும் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. அது நிலையங்களின் திறன், அவை கொடுக்கும் மின்சாரம் இல்லை. நம் வானத்தில் 1,000 மெகாவாட் சூரியத்தகடு ஆண்டுக்கு 1,400 மில்லியன் யூனிட் கொடுத்தால் நல்லது. அதே அளவு நிலக்கரி நிலையம் 6,500 மில்லியன் கொடுக்கும். திறனில் 70 என்றால் மின்சாரத்தில் அதைவிடக் குறைவுதான்.

இப்போது காடு. நாடு ஐக்கிய நாடுகளுக்குக் கொடுத்த அறிக்கையின்படி 2019இல் மொத்த வெளியேற்றம் சுமார் 330 மில்லியன் டன். அதில் எரிசக்தித் துறை 259. காடும் நிலமும் உறிஞ்சியது 215. எரிசக்தி 32 விழுக்காடு குறைந்தால் 176. விவசாயம், கழிவு, ஆலைச் செயல்முறைகள் ஆகியவற்றின் 71 அப்படியே இருந்தால் கூட்டினால் 247. காடு அதே 215ஐ உறிஞ்சினால் 32 மில்லியன் டன் இன்னும் மிச்சம். காட்டின் உறிஞ்சும் அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மிச்சம் 53 ஆகிவிடும். என் மேசைக் கணக்குதான் இது, சுமாரானது. ஆனால் ஏர்கோனையும் தரவு மையத்தையும் தசமம் வரை கணித்துவிட்டு, 215ஐ 2050 வரை அசையாமல் வைப்பது எவ்வளவு பெரிய ஊகம் என்று காட்ட இது போதும். எரிசக்தி ஆய்வு எழுதுகிறவர்கள் காட்டை வேறு துறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பின்னோக்கி நடக்கும் முறையில் ஒதுக்க முடியாது, வழியிலேயே குறுக்கே நிற்கும்.

இந்த முறையின் பலவீனமும் தெளிவு. 'வேண்டும்' என்பது மெல்ல 'நடக்கும்' என்று மாறிவிடும். மேடைப் பேச்சுக்கும் அறிக்கைக்கும் நடுவே அந்தத் தடுமாற்றம் அடிக்கடி நடக்கிறது. தனியாக இதை மட்டும் வைத்து யாரும் கணிப்பு என்று சொல்லக் கூடாது.

யாருக்கு எது

ஆலையின் மின் பட்ஜெட்டுக்கு மூன்றாண்டுக் கணிப்பு வேண்டும் என்கிற எரிசக்தி மேலாளருக்குப் போக்கை நீட்டுவதே போதும், கூடவே புதிய எந்திரங்களின் பட்டியல். 2035 வரை பார்க்கும் மாணவருக்கு எண்ணிக் கூட்டும் முறை. ஆனால் நாடு முழுக்கப் போக வேண்டாம். சபா, சரவாக்கின் மின்கட்டமைப்புகள் தனி, அவற்றின் கலவையும் வேறு. தீபகற்ப மின்சாரத்தை மட்டும் எடுத்தாலே ஓர் ஆண்டுக்கு வேலை இருக்கும். அப்படி எடுக்கும்போது தலைப்பில் எரிசக்தி என்று போடாதீர்கள், இறுதிப் பயன்பாட்டில் மின்சாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், போக்குவரத்து அதைவிடப் பெரிது. நேரம் இருந்தால் 2050 இலக்கிலிருந்து பின்னோக்கி ஒரு கோடு வரைந்து, இரண்டு கோடும் எந்த ஆண்டில் பிரிகின்றன என்று காட்டுங்கள். பிரியும் அந்த ஆண்டுதான் ஆய்வின் கண்டுபிடிப்பு, கடைசி ஆண்டின் எண் கிடையாது.

மனு எழுதுகிற பயனீட்டாளர் குழுவுக்குச் சொந்தமாகக் கணிப்பு எதுவும் தேவையில்லை. அரசோ நிறுவனமோ வைக்கும் கணிப்பில் நான்கு வரிகளைக் கேட்டு வாங்கினால் போதும்: ஆண்டு வளர்ச்சி என்ன எடுத்தீர்கள், தரவு மையங்கள் ஒப்பந்தத் திறனில் எத்தனை விழுக்காடு இழுக்கும் என்று வைத்தீர்கள், காடு 2050இல் எவ்வளவு உறிஞ்சும், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் நிலக்கரி நிலையங்களில் ஒவ்வொரு மின்உற்பத்தி எந்திரமும் எந்த ஆண்டு நிற்கும். முதல் மூன்றுக்கும் ஓர் எண்ணாவது கிடைக்கும். நான்காவதுக்குத் திட்டத்தில் இருப்பது 2045க்குள் நிலக்கரி முழுக்க விலகும் என்ற கடைசி எல்லை. அந்த எல்லைக்கு முன்னால் எந்த எந்திரம் எந்த ஆண்டு என்று நிலைய வாரியாக எழுத்தில் வாங்குங்கள், வந்த தேதிகளைத் தேவைக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முந்தி மூடினால் எந்த ஆண்டில் மின்சாரம் இடிக்கும், பிந்தினால் எந்த ஆண்டில் இலக்கு இடிக்கும் என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும்.